கரிச்சானைத் தேடிச் செஷல்ஸ்: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள்: மாஹே

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு நாடான செஷல்ஸின் பெரிய தீவு மாஹே. விமானம் தாழ்ந்து வந்தபோது ஜன்னலில் தெரிந்த பாறைகளைப் பார்த்ததும் எனக்குச் செஞ்சி மலைதான் நினைவுக்கு வந்தது. அதே உருண்டு திரண்ட கருங்கல், அதே மழை வழிந்த கறுப்புக் கோடுகள். செஞ்சியில் பாறைக்குக் கீழே வயல் இருக்கும். இங்கே கடல் இருக்கிறது. நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையால் எழுந்தவை, அல்லது பவளம் வளர்ந்து உண்டானவை. செஷல்ஸின் உள்தீவுகள் பெரும்பாலும் கருங்கல். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவோடு ஒட்டிக்கொண்டிருந்து, இந்தியா வடக்கே நகர்ந்தபோது பின்தங்கிவிட்ட நிலத்துண்டு இது.

அண்ணன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே ஒரு கடையில் கணக்கராக இருக்கிறார். "இத்தனை வருஷம் கூப்பிட்டும் வராதவள், கடைசியில் ஒரு குருவியைப் பார்க்க வந்திருக்கிறாய்" என்றார். பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார்.

என்ன குருவி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. விடிந்தபோது நானூறு மரங்களில் அறுபதுதான் நின்றன. முறிந்தவற்றில் ஒன்று, கிணற்றுமேட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. அதை மட்டும் அப்பா வெட்டாமல் விட்டார். விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே கூலி கொடுத்து மாளவில்லை. அடுத்த பங்குனியில் அந்த மொட்டையின் பொந்தில் குண்டுகரிச்சான் கூடு கட்டியது. ஆண் கரிச்சான் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு பாடத் தொடங்கிவிடும். தோப்பு முழுக்க வெறும் வானமாகிப்போன அந்த வருஷத்தில், எங்கள் வீட்டில் காலையில் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து கரிச்சானைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். அப்படிப் படித்ததில்தான் அதற்கு நெருங்கிய உறவான பறவை ஒன்று செஷல்ஸில் இருக்கிறது என்று தெரிந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு காலத்தில் பல தீவுகளில் இருந்தது. பூனையும் எலியும் வந்து சேர்ந்த தீவுகளிலெல்லாம் அழிந்து, 1965 வாக்கில் ஃபிரிகேட் என்ற ஒரே தீவில் இருபதுக்கும் குறைவாக மிஞ்சியது. அங்கே பேசும் கிரியோல் மொழியில் அதன் பெயர் பி சாந்தேஸ். பாடும் கரிச்சான் என்றே நாம் சொல்லலாம். இருபதுக்கும் குறைவு என்றால் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. அந்த வரிசை எழுந்து போயிருந்தால் அத்தோடு அந்தப் பாட்டு முடிந்திருக்கும். அதை நேரில் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான்கு வருஷம் பணம் சேர்த்தேன்.

சாயங்காலம் தலைநகர் விக்டோரியாவில் குவின்சி தெருவிலிருக்கும் நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போனோம். 1992இல் கட்டி முடித்த கோயில். கோபுரத்துக்குப் பின்னால் பச்சை மலை எழுந்து நிற்பது குற்றாலத்தில் நிற்கிற மாதிரி ஓர் உணர்வைத் தந்தது. 1770இல் இந்தத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரில் ஐந்து பேர் தென்னிந்தியர்கள் என்று அண்ணன் சொன்னார். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. சன்னதியில் நின்றபோது அவர்களை நினைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் மைனாக்கள் சத்தமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. நம் ஊர் மைனாவேதான். மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. பாடும் கரிச்சானின் பொந்தைப் பிடித்துக்கொள்ளும், முட்டையையும் குஞ்சையும் அழிக்கும் என்பதால் சில சிறு தீவுகளிலிருந்து இவற்றை அடியோடு அகற்றியிருக்கிறார்கள். எனக்கு மைனாவைப் பிடிக்கும். ஆனாலும் இன்று அவற்றைப் பார்க்கும்போது நம் வீட்டுப் பிள்ளை வெளியூரில் போய்த் தப்புச் செய்துவிட்டதைக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள்: பிராலின்

காலைக் கப்பலில் ஒரு மணி நேரம். பாதி வழியில் கடல் தூக்கிப் போட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் வாலே த மே காட்டுக்குள் போனோம். இரட்டைத் தேங்காய் காய்க்கும் அந்தப் பனைகள் இயற்கையாக வளர்வது பிராலினிலும் பக்கத்திலிருக்கும் கியூரியஸ் தீவிலும் மட்டும்தான். காய் முற்ற ஆறேழு வருஷம் ஆகும். உள்ளிருக்கும் விதை இருபது கிலோவையும் தாண்டும். ஓலைகள் தலைக்கு மேலே பந்தல் போட்டதுபோல் மூடியிருக்கின்றன. காற்று அடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கதவு சாத்துகிற சத்தம் எழுகிறது. தென்னையையே பார்த்து வளர்ந்த எனக்கு, அதன் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது.

இந்தக் காட்டில் அதிகம் சத்தம் போடுவது செஷல்ஸ் சின்னான். ஆரஞ்சு அலகு, கறுப்புத் தலை, கலைந்த கொண்டை. நீலகிரிச் சோலைகளில் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரியும் கறுப்புச் சின்னானும் இதுவும் ஒரே பேரினம். இங்கிருந்து ஆப்பிரிக்காதான் பக்கம். சின்னானும் கரிச்சானும் ஆசியப் பக்கத்து வழிவந்தவை. கல் இந்தியாவிலிருந்து பிரிந்தது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன். பறவைகள் அதற்கு வெகுகாலம் பின்னால் கடல் தாண்டிப் பறந்து வந்தன. எந்தப் புயல் தள்ளிக்கொண்டு வந்ததோ.

மூன்றாம் நாள்: பிராலின்

இன்று, பாடும் கரிச்சான் இப்போது வாழும் தீவுகளில் ஒன்றான கூசானுக்குப் போவதாக இருந்தது. காற்று வலுத்துவிட்டதால் படகு போகவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம்.

இங்கே கரையோரம் முழுக்க 'டக்கமாக்கா' என்கிற மரம். பெரிய நிழல், பளபளக்கும் இலை. கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், அந்த மணம். புன்னை! நம் நெய்தல் நிலத்துப் புன்னை மரத்தையே இவர்கள் டக்கமாக்கா என்கிறார்கள்.

நாளைக்குப் பார்க்கப்போகிற தீவில் காட்டை மீட்பதற்குத் தென்னங்கன்றுகளைப் பிடுங்கினார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பிள்ளையைப் பெற்றால் கண்ணீர், தென்னையைப் பெற்றால் இளநீர் என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. கன்றைப் பிடுங்குவதாவது!" என்று எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார். எனக்கும் மனது ஒப்பவில்லை. விழுந்து கிடந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அப்பா அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

நான்காம் நாள்: கூசான்

எழுத நிறைய இருக்கிறது. மணி இரவு பதினொன்று, கைகால்களெல்லாம் கொசுக்கடி.

கூசான் மிகச் சிறிய தீவு. முப்பது ஹெக்டேருக்கும் குறைவு, நம் கணக்கில் எழுபது ஏக்கர் சொச்சம். வெளிப்படகு எதுவும் கரை தொடக் கூடாது. ஒரு கர்ப்பிணி எலி இறங்கினால் போதும், ஐம்பது வருஷ உழைப்பு போய்விடும். நாம் போகும் படகு கடலிலேயே நிற்கிறது. தீவுக்காரர்கள் தங்கள் படகில் வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். அந்தப் படகோட்டி அலைக்காகக் காத்திருந்து, சரியான அலை வந்ததும் முழு வேகத்தில் விட்டு அப்படியே மணல்மேல் ஏற்றிவிட்டார். நான் கந்தர் சஷ்டி கவசத்தில் பாதி சொல்லி முடிப்பதற்குள் தரையில் இருந்தேன்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தீவிலேயே தங்கி வேலை பார்க்கும் ஒரு கிரியோல் பெண். முப்பது வயது இருக்கலாம். முதல் வார்த்தையே "காலைப் பார்த்து வையுங்கள்" என்பதுதான். ஏன் என்று ஐந்து நிமிடத்தில் புரிந்தது. மரத்தடி வேர் இடுக்கில், எங்கள் முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லாத இடத்தில், நீண்ட வெள்ளை வால் இறகோடு ஒரு கடற்பறவை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை ஆலா கூடே கட்டுவதில்லை. வெறும் கிளையில் இருக்கும் சின்னக் குழியில் முட்டையை வைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொள்கிறது. அரணைகள் சருகுக்குள் சரசரவென்று ஓடிக்கொண்டே இருக்கின்றன. எலியும் பூனையும் இல்லாவிட்டால் ஒரு காட்டின் தரை எவ்வளவு நடமாட்டத்தோடு இருக்கும் என்பதை இன்றுதான் கண்டேன்.

நான் கரிச்சானைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் ஒரு மரத்தைத் தொட்டு நின்றார். வெளிர்ப் பட்டை, மெத்தென்ற பெரிய இலைகள். அந்த இலையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் நின்ற லச்சக்கொட்டைக் கீரை மரத்தின் இலை! மூட்டு வலிக்கு நல்லது என்று பாட்டி பருப்போடு சேர்த்துக் கூட்டுச் செய்வார். யாழ்ப்பாணத்தார் சண்டியிலை என்று வறை செய்வதும் இதையேதான். நம் வீட்டு மரம் இளமஞ்சள் இலையோடு நிற்கும். இங்கே அது கரும்பச்சைக் காடாக நிற்கிறது. இந்த மரத்தின் விதை பிசினைப்போல் ஒட்டும். கடற்பறவைகளின் சிறகில் ஒட்டிக்கொண்டுதான் தீவு விட்டுத் தீவு போகிறது. அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் பறவை பறக்க முடியாமல் செத்தும் போகும் என்றார்.

அந்த இலையின் அடிப்பக்கத்தில் ஏதோ அசைந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற, மங்கலான பழுப்புப் பச்சை நிறத்துக் குருவி. தலைகீழாகத் தொங்கி, இலைக்கு அடியில் ஒரு பூச்சியைக் கொத்தியது. அடுத்த இலைக்குப் போனது. பார்க்க ஒன்றுமே இல்லாத பறவை. பனிக்காலத்தில் நம் வீட்டு வேலியில் 'செக் செக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் நாணல் கதிர்க்குருவியின் இனம். பிறகு அது பாடியது. தொண்டை உப்பி, மனிதர் ஒருவர் வேலை செய்துகொண்டே சீழ்க்கை அடிக்கிற மாதிரி, குழைந்து நாலைந்து சுரங்கள். நிறுத்திவிட்டு மறுபடி இலைக்குப் போய்விட்டது.

இந்தச் செஷல்ஸ் கதிர்க்குருவிதான் இந்தத் தீவின் கதையே. கூசான் முழுக்க ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. கொப்பரைக்காகக் காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள். இடையில் முளைத்த மரங்களை விடாமல் சீவினார்கள். தென்னை ஓலையில் இந்தக் குருவிக்கு இரையில்லை. அதற்கு வேண்டியது அகன்ற மெல்லிய இலையும் அதன் அடியில் ஒண்டும் பூச்சியும். மிஞ்சிய ஒரு துண்டுப் புதர்க்காட்டில் ஒதுங்கி, 1960களில் உலகத்திலேயே முப்பதுக்கும் குறைவாக இருந்தது. 1968இல் பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு பணம் திரட்டி, இந்தக் குருவிக்காகவே தீவை விலைக்கு வாங்கியது.

வாங்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கூண்டு வைத்து வளர்க்கவில்லை. விழுகிற தேங்காய் முளைத்தால் கன்றை எடுத்தார்கள். மற்ற மரம் முளைத்தால் விட்டார்கள். வருஷக்கணக்கில் இதையே செய்தார்கள். கீரை மரம் தானாக எழுந்தது. 1982 வாக்கில் குருவிகள் 320 ஆகி, தீவே நிறைந்துவிட்டது. நிறைந்ததும் பக்கத்துத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1988இல் 29 குருவிகள் அரீட் தீவுக்கு, 1990இல் 29 குருவிகள் கூசின் தீவுக்கு, 2004இல் 58 டெனிஸ் தீவுக்கு, 2011இல் 59 ஃபிரிகேட்டுக்கு. இன்று ஐந்து தீவுகளில் மூவாயிரத்துக்கு மேல்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாதையோரத்தில் ஒரு தேங்காய் முளைவிட்டுக் கிடந்தது. அந்தப் பெண் பேச்சை நிறுத்தாமலே குனிந்து அதை எடுத்துப் பாதைக்கு வெளியே ஒரு குவியலில் போட்டார். இளம் குருத்து, இன்னும் பிரியாத இரண்டு ஓலை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தென்னம்பிள்ளை. மண்ணில் வைக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்து வைப்போம். என் நெஞ்சு ஒரு கணம் அடைத்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் தலைக்கு மேலே அந்தக் குருவி மறுபடி பாடியது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். இந்த எழுபது ஏக்கர் தென்னைக்கு உரிய இடம் இல்லை என்பதை என் மனம் அங்கேதான் ஒப்புக்கொண்டது.

இன்னொரு செய்தியும் சொன்னார், எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தக் குருவிகளில் மூத்த பெண் பிள்ளைகள் சில சமயம் தாய் வீட்டிலேயே தங்கி, அடுத்த குஞ்சுக்கு இரை ஊட்ட உதவுகின்றன. பூச்சி நிறைய இருக்கும் இடத்தில் மகள் தங்கினால் உதவி. பூச்சி குறைந்த இடத்தில் தங்கினால் இரைக்குப் போட்டி. யான் கோம்டர் என்ற டச்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரை குறைந்த இடத்தில் இருக்கும் தாய்க்குருவிகளின் குஞ்சுகளில் 77 விழுக்காடு ஆண். இரை செழித்த இடத்தில் ஆண் 13 விழுக்காடுதான், மற்றதெல்லாம் பெண். இடம் பார்த்து, வீட்டில் தங்கும் மகளா, வெளியேறிப் போகும் மகனா என்று அந்தச் சின்ன உடம்புக்குள் ஏதோ ஒன்று தீர்மானிக்கிறது.

இனி கரிச்சான்.

அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பெரிய ஆமை சருகைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. அதன் பின்னங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, கறுப்பாக ஒன்று தத்தித் தத்தி வந்தது. ஆமை கால் பெயர்த்த இடத்தில் சருகு கலைந்தால் உடனே அலகால் புரட்டும். ஒரு பூரான் அகப்பட்டது, இரண்டு தடவை தரையில் அடித்து விழுங்கியது. நம் கரிச்சானைவிடப் பெரிது. நம்முடையதற்கு வயிறு வெள்ளை; இதற்கு உடம்பு முழுக்கக் கறுப்பு. வெயில் துண்டு ஒன்று மேலே விழுந்தபோது அது கறுப்பே இல்லை, புதுப் பட்டுச் சேலையின் மடிப்பில் ஓடுகிற கருநீலம். இறக்கையில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. ஆணும் பெண்ணும் ஒரே நிறம்.

நான் அப்படியே மண்டியிட்டேன். அது என் செருப்பு வரை வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பயம் என்பதே தெரியாத கண். இந்தப் பயமின்மைதான் பூனைகளுக்கு இதை இரையாக்கியது என்று நினைத்தபோது தொண்டை கரித்தது. காலில் நிற வளையங்கள் இருந்தன. "இடது காலில் பச்சை, வலதில் சிவப்புக்கு மேல் வெள்ளை" என்று படித்துவிட்டு, "இது நம் வடக்குப் பக்கத்துப் பெண்" என்றார் அந்தக் கிரியோல் பெண், ஊரில் தெருக்கோடி வீட்டுக்காரியைச் சொல்வதுபோல. ஒவ்வொன்றையும் ஆள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எது எதோடு சேர்ந்தது, எது எங்கே முட்டை வைத்தது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஓர் ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டை வைக்கிற பறவை. கணக்குத் தவறினால் ஈடு செய்ய முடியாது.

1990இல் மீட்பு வேலை தொடங்கியபோதும் ஃபிரிகேட்டில் இருபத்துச் சொச்சம்தான் இருந்தன. இரை வைத்தார்கள், கூட்டுப் பெட்டி வைத்தார்கள், மைனாவை விரட்டினார்கள். 1994, 95இல் சிலவற்றை இந்தக் கூசானுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கூசின், அரீட், டெனிஸ். இப்போது சில நூறு. ஃபிரிகேட்டில் இடையில் எலி நுழைந்துவிட்டது; 2000இல் அதை ஒழிக்கும் வரை அங்கே யாருக்கும் தூக்கமில்லை. வேறு தீவுகளிலும் கரிச்சானைக் குடியேற்றி வைத்ததன் அருமை அப்போது தெரிந்திருக்கும்.

பாடியதா என்று கேட்பீர்கள். புறப்படுகிற நேரத்தில் பாடியது. தாழ்ந்த கிளையில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து. நம் கரிச்சானைப் போல ஊரையே எழுப்பும் பாட்டு இல்லை. மெல்லிய சீழ்க்கை, ஓர் இடைவெளி, பிறகு இன்னும் மெல்லியதாக ஒரு குழைவு. பக்கத்து அறையில் யாரோ தொட்டில் ஆட்டுகிற மாதிரி. அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அண்ணன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, கொசு அதிகம் என்று பொதுவாக எல்லோரிடமும் சொன்னார்.

படகுக்கு நடந்தபோது ஒரு மரத்தில் கரிச்சானுக்கான கூட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். சாதாரணப் பலகை, ஓட்டுச்சாய்வாக ஒரு மூடி, முன்னால் அகலமான வாய். தொடக் கூடாது என்பதால், தள்ளி நின்று விரலை நீட்டிச் சாண் கணக்கில் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: லா டீக்

பிராலினிலிருந்து கால் மணி நேரம். பத்துச் சதுர கிலோமீட்டர்த் தீவு. எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு சைக்கிள் ஓட்டினேன், கால் மறக்கவில்லை.

இங்கே வந்தது 'வேவ்' என்ற பறவைக்காக. நம் அரசவால் ஈபிடிப்பானின் தீவு உறவு. நம்முடைய முதிர்ந்த ஆண் வெள்ளை நாடா போன்ற வாலோடு பறக்கும். இங்கே ஆண் தலை முதல் வால் நுனி வரை கறுப்பு. வேவ் என்றால் விதவை. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கறுப்புதான் கைம்பெண்ணின் நிறம். நம் ஊரில் வெள்ளையைச் சொல்வோம். ஆண் பறவைக்கு அந்தப் பெயர் வந்தது எப்படியோ, இத்தனை அழகான ஒன்றை யாரும் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கென்று ஒதுக்கிய சின்னக் காடு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. புன்னையும் நாட்டு வாதுமையும் கலந்த காடு, பக்கத்தில் சதுப்பு. நன்னீர்ச் சதுப்பில் பூச்சி பெருகும். ஈபிடிப்பானுக்கு அதுதான் சோறு. உள்ளே நுழைந்து பத்து நிமிடத்தில் பெண் பறவையைக் கண்டோம். செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புத் தலை. தரையிலிருந்து கைக்கு எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, தொங்குகிற மெல்லிய கிளையின் நுனிக் கவட்டில் ஒரு கிண்ணம். நாரும் சிலந்தி வலையும் வைத்துப் பின்னியது. அதில் உட்கார்ந்திருந்தாள். காற்று வரும்போதெல்லாம் கிளை ஊஞ்சல்போல் ஒரு முழம் போய் வந்தது. அவள் கண்ணை மட்டும் திருப்பினாள். இந்த இனமும் ஈட்டுக்கு ஒரு முட்டைதான். பிறகு ஆண் வந்தான். ஒரு கறுப்பு நாடாவை யாரோ காற்றில் இழுத்துக்கொண்டு போவதுபோல் வால் பின்னால் வந்தது. அவன் வந்ததும் அவள் எழுந்து போனாள். அவன் கிண்ணத்தில் இறங்கினான். வால் வெளியே ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

தட்டையான கரையோரச் சமவெளிகளில்தான் இந்தக் காடு வளரும். மனிதனுக்கு வீடு கட்டவும் தென்னை வைக்கவும் வேண்டியதும் அதே சமவெளி. அதனால்தான் வேவ் மற்ற தீவுகளில் இல்லாமல் போய் லா டீக்கில் ஒடுங்கியது. போதாக்குறைக்குப் புன்னை மரங்களை வாடவைக்கும் ஒரு பூஞ்சை நோயும் வந்தது. 2008இல் 23 பறவைகளை டெனிஸ் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். டெனிஸில் அவை பெருகின. 2020இல் இந்த இனத்தை, அழிந்துபோகும் அபாயம் மிக அதிகமுள்ள நிலையிலிருந்து அபாயம் குறைந்த நிலைக்கு மாற்றினார்கள்.

ஆண் கிண்ணத்தில் இருக்கும்போதே தூறல் போட்டது. நாங்கள் நகரவில்லை. அவனும் நகரவில்லை.

ஆறாம் நாள்: லா டீக்

கப்பலுக்கு நேரமிருந்ததால் யூனியன் எஸ்டேட்டுக்குப் போனோம். பழைய தென்னந்தோட்டம். கொப்பரை காயவைக்கும் சூட்டடுப்பும், மாடு சுற்றும் செக்கும் இருக்கின்றன. செக்கின் உலக்கையை அண்ணன் கையால் தடவிப் பார்த்தார். அந்த எண்ணெய் வாசனை எங்களுக்குப் பாட்டி வீடு. இந்தத் தீவுகளின் வருமானமே ஒரு காலத்தில் கொப்பரைதான். அதை உடைத்துக் காயவைத்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் வைத்த மரங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. வரிசைக்கு அப்பால், பாறைகளை ஒட்டி, கீழே மற்ற மரங்கள் எழத் தொடங்கியிருக்கின்றன.

துறையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். கிணற்றுமேட்டு மொட்டை போன வாரம் சாய்ந்துவிட்டதாம். உளுத்துப்போயிருந்தது, ஐப்பசி மழை தாங்காது என்று தெரிந்ததுதான். "உன் கரிச்சான் காலையில் வந்து அந்த இடத்தையே சுற்றுகிறது" என்றார்.

நான் பெட்டியின் அளவைச் சொன்னேன். அகலம் ஒரு சாண், ஆழம் ஒன்றேகால் சாண், வாய் இன்ன உயரத்தில், மூடி சாய்வாக. அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். சற்று நேரம் பேச்சு இல்லை.

"ஆசாரியிடம் சொல்லிவிடுகிறேன். பலகை வேம்பாக இருக்கட்டுமா, பலாவாக இருக்கட்டுமா?" என்றார்.